கொரியக் குளிரும் ஒரு தமிழ் மருத்துவரும்

திருப்பெரும்பூதூரில் குடியிருப்பவன் கடுங்குளிரைப் பற்றிப் பேச முற்பட்டால், கேட்பவர்கள் நகைப்பது இயல்பே. எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசித் திங்கள்களின் நண்பகலில் தார்ச்சாலை இளகிக் காலணியைப் பற்றிக்கொள்ளும். ஏரிகள் வற்றி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மார்கழி விடியலில் சற்றே பனி இறங்கினாலும் அதனைப் பெருங்குளிர் என்று எண்ணி, காதை மூடித் துணி கட்டிக்கொண்டு வெளியே வருகிறோம். சென்னையில் நூறாண்டுகளுக்கும் மேலாக எழுதி வைக்கப்பட்டுள்ள வானிலைக் கணக்கில், மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 14 டிகிரிதான். நீர் உறையும் நிலைக்கு அது வெகு தொலைவு.

ஆயினும் நம் முன்னோர் குளிரை அறியாதவர் அல்லர். ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த அவர்கள், கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினார்கள். நெடுநல்வாடையில், மழையிலும் வாடையிலும் அகப்பட்ட கோவலர் கையிலே கொள்ளி ஏந்தியும் தாடை நடுங்க நிற்கிறார்கள். மாடங்களில் வாழ்வோர் கதவைச் சாத்தி, வாய் அகன்ற தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்கிறார்கள். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்த பேகனை நீங்கள் பள்ளிப் பாடத்திலேயே அறிவீர்கள். மயிலுக்கு அந்தப் போர்வை தேவைதானா என்னும் வினாவைப் பிற்பாடு பார்ப்போம்.

எனக்கு இந்தப் பொருளில் நாட்டம் உண்டாக்கியவர் ஒரு கொரியப் பொறியியலாளர். 1996ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் எங்கள் ஊருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையை நிறுவத் தொடங்கியது. 1998இல் முதல் வண்டி வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து உதிரி உறுப்புகள் செய்யும் கொரியத் தொழிற்கூடங்கள் பல வந்தன. 2007இல் சாம்சங் வந்தது. ஒரகடம் வரையில் நீண்டு கிடந்த புன்செய்க் காடுகள் தொழிற்பேட்டைகளாயின. பெங்களூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தமிழும் ஆங்கிலமும் அல்லாத மூன்றாம் எழுத்து ஒன்று பெயர்ப்பலகைகளில் தோன்றிற்று. அது கொரிய எழுத்து என்பதை எங்கள் ஊர்ச் சிறுவர்களும் இன்று அறிவார்கள்.

அந்தப் பொறியியலாளர் நான் குடியிருக்கும் தெருவில் இரண்டாண்டுக் காலம் வாழ்ந்தவர். மாலை நடையில் பழக்கமானோம். ஒரு நாள் அவர் என்னிடம், “ஐயா, உங்கள் வீடுகளில் தரை எவ்வளவு தண்மையாக இருக்கிறது! எங்கள் நாட்டில் தரைதான் வீட்டிலேயே சூடான இடம்” என்றார். எனக்கு விளங்கவில்லை. வரலாறு கற்பிப்பவன் விளங்காததை விட்டுவிடல் ஆகாது. கேட்டேன், அவர் சொன்னார், பின்னர் நூல்களையும் புரட்டினேன். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கொரியா ஒரு தீபகற்பம். மும்முறை கடல் சூழ்ந்த நாடு என்றால் நம்மைப்போல மிதமான தட்பவெப்பம் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் குளிர்காலத்தில் சைபீரியப் பெருவெளியிலிருந்து வரும் வறண்ட வடமேற்குக் காற்று, தடுப்பாரின்றி அந்நாட்டின்மீது வீசுகிறது. சென்னையின் அகலக்கோட்டுக்கு வெகு வடக்கே என்றாலும், ஏறத்தாழ ஸ்பெயின் நாடு இருக்கும் அகலக்கோட்டில்தான் கொரியா இருக்கிறது. குளிரோ ஸ்பெயினில் காண முடியாத குளிர். வடக்கு மலைகளில் ஆறுகள் வண்டி செல்லும் அளவுக்கு உறைந்துவிடும்.

இந்தக் குளிருக்குக் கொரிய உழவர் கண்ட விடை ‘ஒண்டோல்’ எனப்படும் தரையடுப்பு. சமையலறை அடுப்பை அவர்கள் வசிக்கும் அறையின் தரையினும் தாழ்வாக அமைத்தார்கள். அடுப்பின் புகையும் அனலும் மேலே போகாமல், அறையின் தரைக்கு அடியில் கல்லால் கட்டிய கால்வாய்களின் வழியே புகுந்து, அறை முழுதும் ஊர்ந்து, மறுகோடியில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறும். கால்வாய்களின்மீது தட்டைக் கற்களைப் பரப்பி, களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் தோய்த்த தடித்த தாளை ஒட்டுவார்கள். மாலையில் சோறு ஆக்க எரித்த விறகே இரவெல்லாம் படுக்கையையும் சூடாக்கிற்று. விறகு ஒன்று, பயன் இரண்டு. மேலை நாட்டார் சுவரோரம் கணப்பு மூட்டினர். அதன் வெம்மையிற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று. முகம் வெந்தது, முதுகு விறைத்தது. கொரிய எளியவரின் குடிசையில் அவ்வாறில்லை. கல் மெல்லச் சூடேறும், மெல்லவே ஆறும். அடுப்பு அணைந்த பின்னும் பல நாழிகை அந்தக் கல் வெம்மையை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

அறையில் அடுப்புக்கு மிக அண்மையிலுள்ள இடமே மிகச் சூடான இடம். அவ்விடம் வீட்டில் மூத்தோருக்கும் விருந்தினருக்கும் உரியது. வெளியே சென்றவர் வீடு திரும்பவில்லையானால், அவருக்குரிய சோற்றுக் கிண்ணத்தை மூடி, அந்தச் சூடான மூலையில் மெத்தைக்கு அடியில் வைத்திருப்பார்களாம். என் நண்பரின் பாட்டி அவ்வாறு வைத்ததை அவர் தாயார் அடிக்கடி கூறுவாராம். 2018ஆம் ஆண்டில் தென்கொரிய அரசு ஒண்டோல் வாழ்முறையைத் தன் நாட்டின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் இன்று புகைக்குப் பதிலாக வெந்நீர் குழாய்களில் ஓடித் தரையைச் சூடாக்குகிறது. கருத்து மட்டும் பழையதே.

இனி உடை. கொரியர் நெடுங்காலம் சணல் போன்ற நாரால் நெய்த துணியையே உடுத்தனர். பட்டு செல்வர்க்கு உரியதாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் சீனத்துக்குத் தூது சென்ற மூன் இக்ஜோம் என்னும் அறிஞர், 1363ஆம் ஆண்டளவில் பருத்தி விதைகளைக் கொணர்ந்தார். எழுதுகோலின் உள்ளே மறைத்துக் கொணர்ந்தார் என்பது மரபுக் கதை. அவரும் அவர் மாமனாரும் விதைத்தவற்றுள் ஒன்றே முளைத்தது என்றும் சொல்வார்கள். கதை எவ்வாறாயினும், பருத்தி பரவிய பின்னர் ஏழை உழவனும் இரண்டு துணிகளுக்கு இடையே பஞ்சு திணித்த சட்டையை அணியலானான். பருத்தியின் தாய்நாட்டவராகிய நாம் அதனை வெயிலுக்கு உகந்த உடை என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். அதே பஞ்சு பனிநாட்டில் உயிர் காக்கும் கவசமாயிற்று என்பது எனக்கு வியப்பளித்தது.

வியப்புக்குக் காரணம் பஞ்சில் இல்லை. பஞ்சின் இடைவெளிகளில் உள்ளது. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளியோ, பஞ்சோ, பறவையின் இறகோ செய்வதெல்லாம் உடலைச் சுற்றிச் சிறிது காற்றை அசையாமல் பிடித்து வைப்பதே. இப்போது பேகனின் மயிலுக்கு வருவோம். அது தன் இறகுகளைச் சிலிர்த்துக் காற்றைச் சிறைப்படுத்தத் தெரிந்த பறவை. வள்ளலின் போர்வை இல்லாமலும் பிழைத்திருக்கும். வள்ளன்மை குறைந்துவிட்டது என்று யாரும் என்னோடு வழக்காட வரவேண்டா. இன்னொன்றும் கருதத்தக்கது: பஞ்சு நனைந்துவிட்டால் அதிலுள்ள காற்று வெளியேறி, நீர் அவ்விடத்தைப் பற்றும். நீரோ காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தை உறிஞ்சுவது. ஆகவே கடுங்குளிரில் மனிதனின் முதற்பகை பனி அன்று, ஈரம். அந்த ஈரம் வெளியிலிருந்து வரவேண்டும் என்பதும் இல்லை. அவனுடைய வியர்வையே போதும்.

அடுப்பும் தரையும் பஞ்சுச் சட்டையும், மண்ணில் புதைத்த சாடிகளில் குளிர்காலம் முழுமைக்கும் ஊறவைத்த காய்கறியும் கொண்டு பல நூற்றாண்டுகள் குளிரை எதிர்த்து வாழ்ந்த அந்த மக்களிடமிருந்து, ஒரே ஆண்டில் அவையெல்லாம் பறிக்கப்பட்டன. அந்த ஆண்டு 1950.

அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. ஊர்கள் கைமாறிக் கைமாறி எரிந்தன. நவம்பர் இறுதியில் சீனப் படைகள் பெருந்திரளாக இறங்கியபோது, ஐக்கிய நாடுகளின் படைகள் வடக்கிலிருந்து பின்வாங்கத் தொடங்கின. இலட்சக்கணக்கான குடிமக்கள் மூட்டை முடிச்சுகளோடு தெற்கு நோக்கி நடந்தனர். அவ்வாண்டுக் குளிரோ மிகக் கொடியது. கிழக்கு மலைகளில், சாங்ஜின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்த போரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 டிகிரிக்கும் இறங்கிற்று. துப்பாக்கி எண்ணெய் கட்டியாயிற்று. புண்பட்டோருக்கு ஏற்ற வேண்டிய குருதி நீர் புட்டிகளில் உறைந்தது. நோவு தணிக்கும் மார்பியா மருந்துக் குழல்களை மருத்துவ ஏவலர் தம் வாயில் அடக்கி வைத்து இளக்கிப் பின்னர்ச் செலுத்தினர். அமெரிக்கர் அணிந்திருந்த கீழ்ப்புறம் இரப்பர் வைத்த காலணி வெளி ஈரத்தைத் தடுத்தது. ஆனால் நடக்கும்போது பெருகிய வியர்வையை உள்ளேயே தேக்கிற்று. நின்றவுடன் அந்த வியர்வை பனிக்கட்டியாயிற்று. ஆயிரக்கணக்கானோர் பனிக்கடிக்கு இலக்காயினர். ஈரமான காலுறையைக் கழற்றி, உடலோடு ஒட்டி வைத்து உலர்த்தி, உலர்ந்ததை மாட்டிக்கொள்க என்னும் கட்டளை அப்போது துப்பாக்கிப் பயிற்சியினும் முதன்மை பெற்றது. எதிரணியில் நின்ற சீன வீரர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கீழைச் சீனத்தின் மிதவெப்பப் பகுதிகளிலிருந்து மெல்லிய உடையும் துணிக் காலணியுமாக விரைந்து அனுப்பப்பட்ட அவர்களுள் பல்லாயிரம் பேரைக் குளிரே வீழ்த்திற்று.

பனிக்கடி என்பது யாது? நம் உடல் அரசியல் அறிந்த ஓர் அமைச்சனைப் போன்றது. நெஞ்சையும் மூளையையும் காக்கும் பொருட்டு, எல்லைப் புறங்களாகிய விரல், மூக்கு, காது ஆகியவற்றைக் கைவிடத் துணியும். அங்குள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் சுருங்கும். குருதி உட்புறம் ஒதுங்கும். கைவிடப்பட்ட விரல் உறையும். உட்புற வெப்பமும் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கும். முதலில் உடல் நடுங்கி வெப்பத்தை உண்டாக்க முயலும். பின்னர் அந்த நடுக்கமே நின்றுபோகும். நடுக்கம் நின்றதைக் கண்டு, குளிர் தணிந்தது என்று உடனிருப்போர் மகிழ்ந்தால், அது பெரும்பிழை. அறிவு மயங்கும், சிலர் அந்த நிலையில் உடம்பு எரிவதாக எண்ணி ஆடையைக் கழற்றி எறிவதும் உண்டு.

இத்தகைய குளிருக்குள்தான் நம் நாட்டவர் சிலர் சென்றார்கள். போரில் படையினரை அனுப்ப இந்தியா இசையவில்லை. மருத்துவர்களை அனுப்ப இசைந்தது. 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு, ஏறத்தாழ 340 பேரோடு 1950 நவம்பரில் பூசன் துறைமுகத்தில் இறங்கிற்று. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. இரங்கராஜ். ஆர்க்காட்டைத் தம் பெயரின் முதலெழுத்தில் சுமந்த இந்தத் தமிழ் மருத்துவர், 1941ஆம் ஆண்டிலேயே பாராசூட் கட்டி வானிலிருந்து குதித்த முதல் இந்தியர் இருவருள் ஒருவர். நம் பாடநூல்களில் இவர் பெயர் இடம்பெறாதது எனக்கு நெடுநாள் மனக்குறை.

பூசனிலிருந்து பியாங்யாங் நகருக்கு அவர்கள் சென்று சேர்ந்ததும் பின்வாங்கும் ஆணை வந்தது. நகரமே காலியாகிக்கொண்டிருந்தது. வண்டிகள் இல்லை. ஆட்கள் எவ்வாறேனும் தெற்கே போய்விடலாம். மருத்துவக் கருவிகளைக் கொண்டுபோக வழியில்லை. விட்டுவிட்டுப் போவதே முறை என்று தோன்றும் நேரம் அது. பெரிய பெரிய படைகளே மலை மலையாகக் குவிந்த பண்டங்களைத் தீயிட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருந்தன.

இரங்கராஜ் அதற்கு இசையவில்லை. இரயில் நிலையப் பகுதியில் கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் அவருடைய ஆட்கள் கண்டுபிடித்தனர். எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஓரிருவரும் அவர்களுள் இருந்தனர். ஆனால் கொதிகலத்தில் நீர் இல்லை. நீர் ஏற்றும் குழாய்களும் இயங்கவில்லை. ஆகவே அவர்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, வாளி வாளியாக நீரை மொண்டு கொதிகலத்தை நிரப்பினர். உறைநிலைக்குக் கீழான காற்றில், தளும்பும் வாளியைக் கையில் ஏந்துவது எத்தகையது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கையுறையில் பட்ட நீர் கணத்தில் பனியாகும். இரும்புப் பிடியில் தோல் ஒட்டும். நம் ஊர்க் கிணற்றடியில் ஓலைக் கூரை தீப்பற்றினால் வரிசை கட்டி நீர் இறைப்போமே, அதே முறைதான். இங்கே தீயை அணைக்க நீர் ஊற்றினோம். அங்கே தீ மூட்டுவதற்காக நீர் ஊற்றினார்கள்.

கொதிகலம் நிறைந்தது. அடுப்பு எரிந்தது. கருவிகள் பெட்டிகளில் ஏறின. டேடாங் ஆற்றுப் பாலங்கள் தகர்க்கப்படுவதற்கு முன்னர் அந்த இரயில் ஆற்றைக் கடந்து தெற்கே சென்றது.

இதனைத் துணிச்சல் என்று பாராட்டுவோர் பலர். வீண் பிடிவாதம் என்று சொல்லுவோரும் இருக்கலாம். மனித உயிர் பெரிதா, பெட்டியும் கத்தியும் பெரியனவா என்று அவர்கள் வினவலாம். நான் இதனைப் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கருவிகளை விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்த 340 பேரும் தெற்கே சென்று சேர்ந்திருப்பார்கள் என்பது மெய்யே. ஆனால் எவ்வாறு சென்று சேர்ந்திருப்பார்கள்? கூடாரமும் கணப்பும் போர்வையும் சோறும் பிறரிடம் கேட்டு நிற்கும் 340 புதிய அகதிகளாகச் சேர்ந்திருப்பார்கள். கத்தியும் மருந்தும் இல்லாத மருத்துவர் அந்தக் குளிரில் யாருக்கு உதவ இயலும்? கருவிகளோடு சென்றமையால், சில நாட்களுக்குள் அவர்களால் மருத்துவமனை திறக்க முடிந்தது. எனவே அவர் காத்தது இரும்புப் பெட்டிகளை அன்று.

டிசம்பர் நடுவில் அப்பிரிவு பிரித்தானியக் காமன்வெல்த் படையணியோடு இணைந்தது. ஒரு பகுதி போர்முனையில் இரங்கராஜின் கீழ் நின்றது. மற்றொரு பகுதி மேஜர் என். பி. பானர்ஜியின் பொறுப்பில் தெற்கே டேகு நகரில் மருத்துவமனை நடத்திக் கொரியப் படையினருக்கும் குடிமக்களுக்கும் மருத்துவம் செய்தது. 1951 மார்ச் 23ஆம் நாள் முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் பாராசூட் படையினரோடு இரங்கராஜும் அவருடைய ஆட்களும் ஆகப் 12 பேர் வானிலிருந்து குதித்து, இறங்கிய களத்திலேயே அறுவை மருத்துவம் செய்தனர். 1954 தொடக்கம் வரை மூன்றாண்டுக்கும் மேலாக, நான்கு குளிர்காலங்களை அந்தப் பிரிவு கொரிய மண்ணில் கழித்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அது கவனித்ததாகக் கணக்கு. இரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது.

இங்கே மருத்துவ வரலாற்றின் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. பனிக்கடி பட்ட உறுப்பை எவ்வாறு மீட்பது என்பதில் உலகம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அண்மையான காலம் தவறிழைத்துக்கொண்டிருந்தது. 1812இல் நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கியபோது, அவனுடைய தலைமை அறுவை மருத்துவர் லாரே ஒன்றைக் கண்டார். விறைத்த கால்களை வீரர்கள் நெருப்பில் காட்டினர். உணர்ச்சி அற்ற கால் வெந்துபோனதையும் அறியவில்லை. மறுநாள் நடக்கையில் அதே கால் மீண்டும் உறைந்து அழுகிற்று. ஆகவே நெருப்புக் கூடாது, பனிக்கட்டியால் தேய்த்து மெல்ல மெல்லச் சூடேற்றுக என்று அவர் விதித்தார். கண்டது சரி, கொண்ட முடிவு பிழை. பனியால் தேய்ப்பது புண்ணைப் பெரிதாக்குவதே. இளஞ்சூடான நீரில், கை பொறுக்கும் 37 முதல் 39 டிகிரி வெம்மையில், உறுப்பை அமிழ்த்தி விரைவில் இளகச் செய்வதே நலம் என்பது, இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆராய்ச்சிகளாலும் அலாஸ்கா மருத்துவர்களின் அனுபவத்தாலும் 1960ஐ ஒட்டியே நிலைபெற்றது. மீண்டும் உறையக்கூடும் என்றால் இளகச் செய்யவே கூடாது என்னும் விதியும் உடன் வந்தது. பெரியோர் சொன்னார் என்னும் ஒரே காரணத்தால் எத்தனை விரல்கள் போயினவோ!

1953 ஜூலை 27இல் போர் ஓய்ந்தது. தாய்நாடு திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. ஜெனரல் திம்மய்யாவின் தலைமையில் அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் துணையாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நம் படையினர் சென்றனர். அவர்கள் தம் மண்ணில் கால் வைக்கத் தென்கொரியத் தலைவர் இசையாமையால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றிச் சென்று இரு கொரியாக்களுக்கும் இடைப்பட்ட சூனியப் பகுதியில் இறக்கினார்கள். அங்கே கூடாரங்களில் 1953-54ஆம் ஆண்டின் குளிர்காலத்தைக் கழித்தனர். இறுதியில், வடக்கும் வேண்டா தெற்கும் வேண்டா என்ற 88 கைதிகள் நம் படையினரோடு கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். உறைந்த நிலத்திலிருந்து வந்தவர்களுக்குச் சென்னையின் மாசி வெயில் எவ்வாறு இருந்திருக்கும்! இருங்காட்டுக்கோட்டைக்குக் கொரியர் வந்ததற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே சென்னை மண்ணை மிதித்த கொரியர் அவர்களுள் பெரும்பாலோர். பின்னர் அவர்களுள் பலர் தென்னமெரிக்க நாடுகளுக்குச் சென்றனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர்.

போருக்குப் பின்னர்க் கொரியாவில் மலைகள் மொட்டையாகிக் கிடந்தன; விறகு இல்லை. மக்கள் துளையிட்ட நிலக்கரி வில்லைகளை ஒண்டோல் அடுப்பில் எரித்தனர். அது மலிவானது, இரவெல்லாம் எரிவது. ஆனால் தரையில் விரிசல் இருந்தால், அதன் வழியே நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்று அறைக்குள் கசிந்தது. குளிருக்குத் தப்பியவர்கள் வெம்மைக்கு இரையாயினர். ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக உறக்கத்திலேயே மாண்ட கொடுமை பல பத்தாண்டுகள் நீடித்தது. என் நண்பர் இதனைச் சொல்லியபோது, நம் உதகையிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, விடியலில் எழாதுபோனவர்களைப் பற்றிய செய்திகள் என் நினைவுக்கு வந்தன. மலைக்குச் சுற்றுலா செல்லும் கல்லூரி மாணவர்கள் இதனை மறவாதிருக்க வேண்டுகிறேன். கணப்பு வேண்டுமானால் காற்று வரச் சாளரம் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் கணப்பு வேண்டா, கம்பளியே போதும்.

தமிழரைக் குளிர் சோதித்த கதை கொரியாவோடு முடியவில்லை. 1984 முதல் நம் படையினர் சியாச்சின் பனியாற்றின்மீது காவல் நிற்கின்றனர். 2016 பிப்ரவரி 3ஆம் நாள் அங்கே 19,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் பனிச்சரிவு ஒன்று மதராஸ் படைப்பிரிவின் 19ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேரை மூடிற்று. அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். ஆறு நாட்களுக்குப் பின்னர்த் தோண்டியபோது, கருநாடக மாநிலத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பாட் உயிரோடு இருந்தார். பனிக்கு அடியில் எஞ்சியிருந்த காற்றிடம் அவரைக் காத்தது என்று கருதப்பட்டது. மீண்டும் அந்தக் காற்றே! ஆனால் உறுப்புகள் செயலிழந்திருந்தமையால் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

இரங்கராஜ் படையை விட்ட பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, 1960களின் பிற்பகுதியில் ஆப்கானிஸ்தானத்தில் பெரியம்மை ஒழிப்புப் பணிக்கு வழிகாட்டினார். மலையும் பனியும் நிறைந்த அந்த நாட்டில் ஊர் ஊராக அம்மைப்பால் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பியாங்யாங்கில் வாளி ஏந்தியவருக்கு அது புதிதன்று. 1970களின் தொடக்கத்தில் அங்கே பெரியம்மை அற்றுப்போயிற்று. 2020ஆம் ஆண்டில், கொரியப் போர் மூண்ட எழுபதாம் ஆண்டை ஒட்டி, தென்கொரிய அரசு ஜூலைத் திங்களின் போர் வீரராக இரங்கராஜைத் தேர்ந்து சிறப்பித்தது.

இந்தச் செய்திகளை நான் தொகுத்து என் கொரிய நண்பரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய பாட்டி 1950ஆம் ஆண்டுக் குளிரில் தெற்கே நடந்து வந்தவராம். அந்தச் சூடான மூலையில் வைத்த சோற்றுக் கிண்ணம் ஒன்று, திரும்பி வராத ஒருவருக்காகப் பல ஆண்டுகள் வைக்கப்பட்டதாம். இரங்கராஜின் பெயரைக் கொரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் வேலை பார்த்த தொழிற்கூடத்தை ஒரு நாள் எனக்குச் சுற்றிக் காட்டினார். வண்டியின் எஞ்சினில் ஊற்றும் பச்சை நிற நீர்மத்தைக் காட்டி, இது உறையாமல் காப்பது, வெறும் நீரை ஊற்றினால் பனிநாட்டில் அது உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும் என்றார். அதனை அளந்து ஊற்றிக்கொண்டிருந்த இளைஞர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். “தம்பி, நீ பனிக்கட்டியைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டேன். “ஐஸ் பெட்டியில் பார்த்திருக்கிறேன் ஐயா” என்றார்.

நண்பர் தாயகம் திரும்புவதற்கு முந்தைய மார்கழியில், விடியற்காலையில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் வீதியில் அவரைக் கண்டேன். நான் கம்பளிக் குல்லாயும் போர்வையுமாக இருந்தேன். அவர் அரைக்கைச் சட்டை அணிந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “ஐயா, உங்கள் குளிர்காலம் எப்போது தொடங்கும்?” என்று கேட்டார்.